செய்யுள் கற்பித்தலும் சிறார் சுவையுணர்வும்

தாம்பரத்தை அடுத்த ராஜகீழ்ப்பாக்கத்தில் நாம் வாழும் தெருவில், மாலைதோறும் சிறார் பாடம் ஒப்பிக்கும் குரல் கேட்கும். அவர்கள் ஒப்பிப்பது பெரும்பாலும் செய்யுளன்று, அதன் பொருளுரையே. பாட்டை விடுத்து உரையை நெட்டுருச் செய்யும் இவ்வழக்கம் எவ்வாறு வந்தது என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

திண்ணைப் பள்ளியில் செய்யுள் செவிவழியே புகுந்தது. ஆசிரியர் சொல்ல மாணாக்கர் திருப்பிச் சொல்வர். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பொருள் விளங்கும் பருவத்திற்கு முன்னரே நாவில் ஏறிவிடும். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் பணித்து எடுப்பித்த கணக்கின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். அதன்பொருட்டு 1823இல் அறிக்கை விடுத்த பெல்லாரி ஆட்சியர் காம்பெல், சிறுவர் பொருளறியாது கிளிபோற் செய்யுள் ஒப்பிக்கின்றனர் எனக் குறை கூறினார். அவர் கண்டவை பெரும்பாலும் தெலுங்கு, கன்னடப் பள்ளிகளே. எனினும் அக்குறை தமிழ்த் திண்ணைக்கும் பெரிதும் பொருந்துவதே. ஆயினும், அங்குப் பயின்றோர்க்குப் பாட்டின் ஓசையேனும் வாய்த்தது.

1857இல் சென்னைப் பல்கலைக் கழகம் தோன்றி மெட்ரிகுலேஷன் தேர்வு பரவிய பின்னர், எழுத்துத் தேர்வே பள்ளிப் படிப்பிற்கு அளவுகோல் ஆயிற்று. அரும்பொருளையும் இலக்கணக் குறிப்பையும் விடைத்தாளில் மதிப்பிடலாம். ஓசையின்பத்தை மதிப்பிடல் இயலாது. ஆகவே பொருளுரை முன்னின்றது; பாட்டு பின்னடைந்தது. காம்பெல் சுட்டிய குறை நீங்கவில்லை. செய்யுளிலிருந்து உரைக்கு இடம் மாறியது, அவ்வளவே.

இவ்விடர்ப்பாட்டிற்கு வழிகண்டோர் இருவரும் ஆசிரியப்பணி அறிந்த கவிஞர் என்பது கருதத்தக்கது. 1904இல் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சின்னாள் தமிழாசிரியராயிருந்த பாரதியார், 1915இல் பாப்பா பாட்டை 'ஞானபாநு' இதழில் வெளியிட்டார். 1931இல் ஆசிரியப்பணியினின்று ஓய்வுபெற்ற கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் குழந்தைப் பாடல்கள், 1938இல் வெளிவந்த 'மலரும் மாலையும்' தொகுப்பில் இடம்பெற்றன. பின்னர் அழ. வள்ளியப்பா இத்துறையை வளர்த்தார். இவர்தம் பாடல்களில் ஓசையும் பொருளும் ஒருங்கே குழந்தையைச் சென்றடைகின்றன. இடையில் உரையாசிரியர் வேண்டுவதில்லை.

எனினும் இப்பாடல்களும் பாடநூலிற் புகுந்தவுடன் வினாவிடைக்கு உரியவாயின. பாட்டு எளிதாயினும் கற்பிக்கும் முறை மாறாவிடின் பயனில்லை என்பதற்கு இதுவே சான்று.

முதல் நாள் ஆசிரியர் பாட்டை வாய்விட்டு இசையுடன் படித்துக் காட்டுக. மாணாக்கர் உடன் பாடுக. அன்று வினா எதுவும் வேண்டா. பொருள் மறுநாள் வரட்டும். இதற்கு ஒரு வகுப்பு நேரமே கூடுதலாகும்.

இது பள்ளியாசிரியர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. இளமையில் ஓசையின்பம் அறியாது வருவோர் முதுகலை வகுப்பில் சங்கப் பாட்டையும் உரையாகவே படிக்கின்றனர். குற்றம் அவர்தம்மதன்று. வினாத்தாள் அமைப்போருள் நாமும் உளோம் என்பதை மறத்தலாகாது.