நியூபோர்ட் ஜாஸ் விழா

நியூபோர்ட் ஜாஸ் விழா என்பது ஐக்கிய அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்திலுள்ள நியூபோர்ட் என்னும் கடற்கரை நகரில் ஆண்டுதோறும் கோடைக்காலத்தில் நடைபெறும் இசை விழா ஆகும். 1954 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இவ்விழா 1972 இல் நியூ யார்க் நகருக்கு இடம்பெயர்ந்து, 1981 இல் மீண்டும் நியூபோர்ட்டுக்குத் திரும்பியது. பெருநகரங்களின் இரவு விடுதிகளிலும் நடன அரங்குகளிலும் கேட்கப்பட்டு வந்த ஜாஸ் இசையை, குறிப்பாக ஜாஸ் வாய்ப்பாட்டை, வெளியூர் சென்று திறந்தவெளியில் அமர்ந்து கேட்கும் வழக்கம் பரவியதற்கு இவ்விழா முதன்மையான காரணங்களுள் ஒன்றாகும். தொலைவிலிருந்து பயணம் செய்து வந்த சுவைஞர்களே விழாவை வளர்த்தனர். அவர்களுடன் வந்து சேர்ந்த வேறொரு கூட்டம் 1960, 1971 ஆகிய ஆண்டுகளில் விழாவை இடையிலேயே நிறுத்தியது.

பின்னணி

ஜாஸ் பாடகர் ஒரே பாடலை இருமுறை ஒரே விதமாகப் பாடுவதில்லை. கருநாடக இசையில் மனோதர்மம் எனப்படுவதற்கு ஒப்பான ஓர் இயல்பு இதில் உண்டு. பாடலின் மெட்டையும் தாளத்தில் சொற்கள் விழும் இடத்தையும் பாடகர் அந்த நேரத்திலேயே மாற்றி அமைக்கின்றார். பொருளற்ற அசைகளைக் கொண்டு வாத்தியம் போலப் பாடும் 'ஸ்கேட்' முறையும் இதனைச் சார்ந்ததே. 1960 ஆம் ஆண்டு பெர்லின் நகரில் பாடிய எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், ஒரு பாடலின் வரிகள் நடுவில் மறந்துபோகவே, புதிய வரிகளை அங்கேயே புனைந்து பாடி முடித்தார். அந்த ஒலிப்பதிவு கிராமி விருது பெற்றது. பழைய 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டே அடங்கும் என்பதால், பாடகரின் முழுத் திறனை அறிய நேரில் கேட்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

நேரில் கேட்பதற்கும் தடைகள் இருந்தன. நியூ யார்க் நகரில் மது விற்கும் விடுதிகளில் பாடுவோர், காவல்துறை வழங்கும் அடையாள அட்டை ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்ற விதி 1940 முதல் 1967 வரை நடைமுறையில் இருந்தது. போதைப்பொருள் வழக்கில் 1947 இல் தண்டனை பெற்ற பில்லி ஹாலிடே, 1948 இல் விடுதலையான பின்னரும் இவ்வட்டையைப் பெற முடியவில்லை. கார்னெகி அரங்கம் போன்ற பெரிய அரங்குகளில் அவர் பாடலாம். அவருடைய கலை உருவான சிறிய விடுதிகளில் பாட இயலாது. தண்டனையை அனுபவித்து முடித்த ஒருவரின் பிழைப்பைக் காவல்துறை அட்டையொன்று தொடர்ந்து முடக்கியது என்பதே இதன் பொருள். அவரை மேசைக்கு அருகிலிருந்து கேட்க விரும்பிய நியூ யார்க் வாசிகள் வேறு நகரங்களுக்குச் செல்ல வேண்டியிருந்தது. அவ்வாறு அவர் பாடிய இடங்களுள் ஒன்று பாஸ்டன் நகரின் ஸ்டோரிவில் விடுதி. அதன் உரிமையாளர், பியானோ கலைஞருமான ஜார்ஜ் வெயின்.

தொடக்கம்

நியூபோர்ட் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் பெருஞ்செல்வர்களின் கோடை வாழிடமாக விளங்கிய ஊர். அங்கு வாழ்ந்த எலைன் லோரில்லார்ட், அவருடைய கணவர் லூயி லோரில்லார்ட் ஆகியோர், ஊரில் ஒரு ஜாஸ் விழா நடத்துவது குறித்து ஜார்ஜ் வெயினை அணுகினர். லூயி புகையிலை வணிகத்தால் செல்வம் ஈட்டிய குடும்பத்தைச் சேர்ந்தவர். முதல் விழா 1954 சூலை 17, 18 நாட்களில் நியூபோர்ட் கசினோவில் நடைபெற்றது. பெயர் கசினோ எனினும் இது சூதாட்ட விடுதியன்று. 1880 இல் கட்டப்பட்ட டென்னிஸ் மன்றமாகும்.

முதல் ஆண்டிலேயே எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், பில்லி ஹாலிடே இருவரும் பாடினர். ஹாலிடேயுடன் நெடுங்காலம் விலகியிருந்த சாக்சபோன் கலைஞர் லெஸ்டர் யங், அவர் பாடிக்கொண்டிருக்கையில் மேடையேறி உடன் வாசித்தது ஜாஸ் வரலாற்றில் இன்றும் பேசப்படுகின்றது. கூட்டத்தின் காலடியில் டென்னிஸ் புல்தரை சேதமடைந்தது. ஊரின் பழைய செல்வர்கள் பலருக்கு ஜாஸ் இசையும் பிடிக்கவில்லை. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் கலந்து அமர்ந்த கூட்டமும் பிடிக்கவில்லை. மறு ஆண்டு முதல் கச்சேரிகள் ஃப்ரீபாடி பூங்கா என்னும் விளையாட்டுத் திடலுக்கு மாற்றப்பட்டன.

பயணமும் தங்குமிடமும்

நியூபோர்ட் நகரம் நாரகான்செட் விரிகுடாவில் உள்ள ஒரு தீவின் தென்முனையில் அமைந்துள்ளது. நியூ யார்க்கிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 290 கிலோமீட்டர் தொலைவு. பாஸ்டனிலிருந்து ஏறத்தாழ 115 கிலோமீட்டர். நியூ யார்க்கிலிருந்து வருவோர் முதலில் ஒரு பாலத்தின் வழியாக ஜேம்ஸ்டவுன் தீவை அடைந்து, அங்கிருந்து வண்டியுடன் பயணப் படகில் ஏறி நியூபோர்ட் வர வேண்டியிருந்தது; 1969 வரை இந்நிலை நீடித்தது. படகைத் தவிர்க்க விரும்பியோர் பிராவிடன்ஸ் நகரைச் சுற்றிக்கொண்டு வடக்கேயுள்ள பாலம் வழியாக வர முடிந்தது. ஜேம்ஸ்டவுனையும் நியூபோர்ட்டையும் இணைக்கும் பெரிய தொங்குபாலம் 1969 சூன் மாத இறுதியில், அவ்வாண்டு விழாவுக்குச் சில நாட்களே இருந்தபோது திறக்கப்பட்டது. ஆகவே விழாவின் புகழ்பெற்ற முதல் பதினைந்து ஆண்டுகளின் சுவைஞர்கள் பலர் படகில் கடல் கடந்து வந்தவர்களே.

தங்குமிடம் அதனினும் கடினமாக இருந்தது. வந்த கூட்டத்துக்கு ஊரின் விடுதிகள் போதவில்லை. மாணவர்கள் கிடைத்த இடங்களில், பெரும்பாலும் வெட்டவெளியில், இரவைக் கழித்தனர்.

1957, 1958 ஆம் ஆண்டுகள்

வாய்ப்பாட்டைப் பொறுத்தவரை இவ்விரு ஆண்டுகளே விழாவின் உச்சம் எனலாம். 1957 சூலை 4 அன்று எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும், சூலை 6 அன்று பில்லி ஹாலிடேயும் பாடினர். இரு நிகழ்ச்சிகளும் பின்னர் ஒரே இசைத்தட்டில் வெளியிடப்பட்டன. அடுத்தடுத்துக் கேட்பவருக்கு வேறுபாடு உடனே புலப்படும். ஃபிட்ஸ்ஜெரால்டின் குரல் முழு வலிமையுடன் ஒலிக்கின்றது. ஹாலிடேயின் குரல் தேய்ந்திருக்கின்றது, ஆனால் சொல்லைத் தாளத்துக்குச் சற்றுப் பின்னே நிறுத்தும் அவருடைய நுட்பம் குன்றவில்லை. அவர் 1959 சூலை 17 அன்று காலமானார். முதல் நியூபோர்ட் விழா தொடங்கிய நாளிலிருந்து சரியாக ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தன.

1958 ஆம் ஆண்டு விழாவை ஒளிப்படக் கலைஞர் பெர்ட் ஸ்டெர்ன் வண்ணத் திரைப்படமாகப் பதிவு செய்தார். கறுப்பு உடை, அகன்ற தொப்பி, வெள்ளைக் கையுறை ஆகியவற்றுடன் பகல் வெளிச்சத்தில் பாடும் அனிட்டா ஓ'டேயின் காட்சி இப்படத்தின் வழியாகவே உலகெங்கும் அறியப்பட்டது. டைனா வாஷிங்டன், நற்செய்திப் பாடகி மஹாலியா ஜாக்சன் ஆகியோரும் இதில் இடம்பெற்றுள்ளனர். ஸ்டெர்னின் ஒளிப்படக்கருவி மேடையைப் பார்க்கும் அளவுக்கு எதிரே அமர்ந்திருந்த மக்களின் முகங்களையும் பார்க்கின்றது. அக்காலச் சுவைஞர் கூட்டம் எப்படி இருந்தது என அறிய விரும்பும் மாணவர்களுக்கு இதைவிடச் சிறந்த ஆவணம் அரிது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இப்படம் 1999 இல் சேர்க்கப்பட்டது.

கலவரங்கள்

1960 விழாவில் நினா சிமோன் சூன் 30 அன்று பாடினார். அந்நிகழ்ச்சி தனி இசைத்தட்டாக வெளிவந்தது. இரண்டு நாட்கள் கழித்து, சூலை 2 அன்று இரவு, அரங்கினுள் இடம் கிடைக்காத இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் தெருக்களில் திரண்டு கலவரத்தில் ஈடுபட்டனர். இவர்களுள் பெரும்பாலோர் குடித்திருந்த வெள்ளையின மாணவர்கள். காவல்துறையினர் கண்ணீர்ப்புகையைப் பயன்படுத்தினர். தேசியக் காவற்படையும் அழைக்கப்பட்டது. மறுநாள் பிற்பகல் புளூஸ் நிகழ்ச்சியுடன் விழா முடித்துக்கொள்ளப்பட்டது.

அதே நாட்களில், கலைஞர்களுக்கான ஊதியம் குறித்தும் விழா வணிகமயமாவது குறித்தும் அதிருப்தி கொண்ட சார்ல்ஸ் மிங்கஸ், மேக்ஸ் ரோச் ஆகியோர் அதே ஊரில் கிளிஃப் வாக் மேனர் என்னுமிடத்தில் போட்டி விழா ஒன்றை நடத்தினர். இதனை ஒட்டி வெளியான இசைத்தட்டில் பாடகி ஏபி லிங்கனின் பாடலும் உண்டு.

ஜார்ஜ் வெயின் 1962 இல் விழாவை மீண்டும் தொடங்கினார். 1965 இல் ஃபெஸ்டிவல் ஃபீல்டு என்ற புதிய திடல் பயன்பாட்டுக்கு வந்தது. அவ்வாண்டு கவுன்ட் பேஸி இசைக்குழுவுடன் பாடிய ஃபிராங்க் சினாட்ரா உலங்கூர்தியில் வந்திறங்கி, பாடி முடித்ததும் உலங்கூர்தியிலேயே திரும்பினார். சுவைஞர்களுக்கோ அப்போதும் படகுத்துறைதான்.

1971 சூலை 3 அன்று, திடலை ஒட்டிய மேட்டில் நுழைவுச்சீட்டு இன்றிக் கூடியிருந்தோர், டியான் வார்விக் மேடையில் இருந்தபோது வேலியைத் தகர்த்து உள்ளே நுழைந்தனர். அவர் அப்போது பாடிக்கொண்டிருந்தது அன்பைப் பற்றிய பாடல். மேடைக் கருவிகள் சேதமடைந்தன; எஞ்சிய நிகழ்ச்சிகள் கைவிடப்பட்டன.

நியூ யார்க்கும் மீள்வருகையும்

1972 இல் விழா நியூ யார்க் நகரின் பல அரங்குகளுக்குப் பரவியது. 1973 சூலை 5 அன்று கார்னெகி அரங்கில் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் பாடிய கச்சேரி இக்காலத்தின் குறிப்பிடத்தக்க ஒலிப்பதிவு ஆகும். ஆயினும் சுவைஞர்கள் ஒரே ஊரில், ஒரே திடலில் நாள் முழுதும் கூடியிருக்கும் நிலை அங்கு இல்லை.

1981 இல் விழா நியூபோர்ட் துறைமுகத்தின் வாயிலில் உள்ள ஆடம்ஸ் கோட்டைப் பூங்காவுக்கு வந்தது. பழைய கலவரங்களின் நினைவால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 பேருக்கு மேல் அனுமதிப்பதில்லை என்ற வரம்பு பின்பற்றப்படுகின்றது. செசில் மெக்லோரின் சால்வான்ட், கிரெகரி போர்ட்டர் முதலிய பிற்காலப் பாடகர்கள் இங்குப் பாடியுள்ளனர். 2020 ஆம் ஆண்டு விழா கொரோனா பெருந்தொற்றால் நடைபெறவில்லை. ஜார்ஜ் வெயின் 2021 செப்டம்பர் 13 அன்று தமது 95 ஆம் அகவையில் காலமானார்.

மேடை நீருக்கு அருகில் இருப்பதால், நுழைவுச்சீட்டு வாங்காதோரும் தம் படகுகளைத் துறைமுகத்தில் நங்கூரமிட்டு, தளத்தில் அமர்ந்து பாட்டைக் கேட்பது விழா நாட்களில் வழக்கமான காட்சியாகும்.