இளம் மகாராணியும் யாழ்ப்பாணத்து அடிமைகளும்

1837 ஜூன் 20, விடியற்காலை. கென்சிங்ரன் அரண்மனையில் நித்திரையாயிருந்த 18 வயதுப் பெண்ணை எழுப்பி, பெரியப்பா வில்லியம் மன்னர் காலமாகிவிட்டார் என்று அறிவிக்கிறார்கள். அந்தக் கணம் முதல் அவர் விக்ரோறியா மகாராணி. செய்தி வந்து சேர மாதங்கள் ஆகியிருந்தாலும், புத்தூருக்கும் அச்சுவேலிக்கும் அவரே மகாராணி.

திரைப்படக்காரர்களுக்கு இந்தக் காட்சி அலுத்ததே இல்லை. இங்கிலாந்தின் மேடைகளில் விக்ரோறியாவைப் பாத்திரமாகக் காட்ட இருந்த தடை 1937இல், அவர் அரியணையேறி நூறு ஆண்டு நிறைந்தபோதுதான் நீங்கியது. அதே ஆண்டில் அன்னா நீகிள் நடித்த படம் வந்தது. 1954இல் ஒஸ்திரியப் படமொன்றில் றோமி ஷ்னைடர் இளம் ராணியானார். 2009இல் வந்த ‘தி யங் விக்ரோறியா’வில் எமிலி பிளன்ற். உடையலங்காரத்துக்கு ஒஸ்கார் பெற்ற படம் அது.

நல்ல படம்தான். யாராவது கையைப் பிடிக்காமல் மாடிப்படி இறங்கக்கூட அனுமதியில்லாமல் வளர்ந்த பெண், தாயின் பிடியிலிருந்தும் தாயின் ஆலோசகர் ஜோன் கொன்றோயின் பிடியிலிருந்தும் விடுபடும் விதத்தை மனதைத் தொடும்படி சொல்கிறது. ஆனால் பிரதமர் மெல்பேர்ணுக்கு அப்போது 58 வயது. படத்திலோ அவர் கட்டிளங்காளை. பின்னர் ராணியை மணந்த அல்பேட்டுக்குக் காதற்போட்டியாளர் போலவே வருகிறார்.

இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. 1840 ஜூன் 10ஆம் திகதி, வண்டியில் சென்ற ராணி தம்பதியை நோக்கி எட்வேட் ஒக்ஸ்பேட் என்ற இளைஞன் சுட்டான். படத்தில் அல்பேட் குறுக்கே பாய்ந்து காயப்படுகிறார். உண்மையில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

நடக்காத காயத்துக்கு இடம் கொடுத்த படம், நடந்த ஒன்றை விட்டுவிட்டது. அந்தச் சூட்டுக்கு ஒன்பது நாள் முன்னர், ஜூன் 1ஆம் திகதி, லண்டன் எக்ஸீற்றர் மண்டபத்தில் அடிமை வியாபாரத்தை ஒழிப்பதற்கான சங்கத்தின் கூட்டத்துக்கு அல்பேட் தலைமை தாங்கினார். இங்கிலாந்தில் அவர் ஆற்றிய முதற் பொது உரை அதுதான். ஆங்கிலம் தாய்மொழியல்லாத, இருபதே வயதான ஒருவர், புதிய நாட்டில் முதன்முதல் வாய் திறந்தது அடிமைகளுக்காக! எந்த இயக்குநரும் விடக்கூடாத காட்சி.

யாழ்ப்பாணத்தாருக்கு அந்த உரை தூரத்துச் செய்தி அல்ல. பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறையை ஒழித்த 1833ஆம் ஆண்டுச் சட்டம், கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சிப்பகுதிகளோடு இலங்கையையும் விலக்கிவைத்திருந்தது. ஆகவே விக்ரோறியா முடிசூடியபோதும், அல்பேட் மண்டபத்தில் பேசியபோதும், குடாநாட்டில் சட்டப்படி அடிமைகள் இருந்தார்கள். சாதியின் பெயரால் பரம்பரையாகச் சில வீடுகளுக்கும் வயல்களுக்கும் உடைமையாக்கப்பட்டவர்கள் அவர்கள். 1841 ஜனவரியில் அமெரிக்க மிஷனரிமார் ‘உதயதாரகை’ப் பத்திரிகையை வெளியிடத் தொடங்கிய அதே யாழ்ப்பாணம்தான் இதுவும்.

1821இல் ஒரு ஏற்பாடு வந்தது. அடிமைத் தாய்மாருக்கு அதன்பின் பிறக்கும் பெண்பிள்ளைகளை அரசாங்கம் உரிமையாளருக்குப் பணம் கொடுத்து மீட்கும். விக்ரோறியா பிறந்தது 1819 மே 24. அதே ஆண்டில் வலிகாமத்து அடிமைக் குடிசையொன்றில் பிறந்த பெண்பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அவள் இரண்டு ஆண்டு முந்திப் பிறந்துவிட்டாள். அந்த ஏற்பாடு அவளைத் தொடவில்லை. அவள் பெயர் எந்தப் படத்திலும் இல்லை, எங்கள் வரலாற்றுப் புத்தகங்களிலும் இல்லை. இளம் ராணியின் ஆட்சித் தொடக்கத்தை யாராவது தமிழில் படமாக்க வந்தால், அரண்மனையிலிருந்து அல்ல, அந்தக் குடிசையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் அடிமைமுறையை முற்றாக ஒழித்தது. அப்போது இருவருக்கும் 25 வயது. ராணிக்கு அந்த ஓகஸ்ற்றில் நாலாவது பிள்ளை பிறந்திருந்தது. சட்டம் விடுவித்த பெண்ணுக்குக் காணியும் இல்லை. ஊர்க் கிணற்றில் அள்ளும் உரிமையும் இல்லை.

அடுத்த ஆண்டு, 1845இல், குடியேற்றச் செயலாளராகக் கொழும்பில் வந்திறங்கினார் எமேசன் ரெனன்ற். புத்தூருக்கு அடுத்த நவக்கிரியில் மேலே நன்னீரும் அடியில் உவர்நீருமாக நிற்கும் நிலாவரைக் கிணற்றைப் பற்றி, 1859இல் வெளிவந்த தம் நூலில் அவர் எழுதியதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)