கித்தா

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் வட்டாரத்து மூத்த தமிழர்களுக்கு ரப்பர் தோட்டம் என்றால் கித்தாக் காடு. மலாயின் 'கெத்தா'தான் அவர்கள் வாயில் கித்தா ஆனது. பழந்தின்னி வௌவாலைக் குறிக்கும் 'கெலுவாங்' ஊர்ப்பெயராகி, நம் நாவில் குளுவாங் என்றும் திரிந்தது. இரண்டு சொற்களின் முதலிலும் வரும், எகரம் போன்ற அந்த மங்கலான மலாய் ஒலி தமிழில் இல்லாததால், ஒரு சொல்லில் இகரமாகவும் இன்னொன்றில் உகரமாகவும் ஒதுங்கிவிட்டது.

மலாயில் கெத்தா என்பது மரமன்று, மரத்தில் வடியும் ஒட்டும் சாறு. ஒருவர் பலா தின்ன எல்லார் மேலும் கெத்தா ஒட்டியது என்பது அவர்கள் பழமொழி.

பிரேசிலின் ரப்பர் மரம் வருமுன்பே இந்தச் சொல் கடல் கடந்துவிட்டது. ஜொகூர்க் காட்டுமரம் ஒன்றின் பால், கெத்தா பெர்ச்சா. வெந்நீரில் இளகும், ஆறினால் பிடித்த வடிவிலேயே இறுகும். மலாய்க்காரர்கள் பாராங் கத்திக்கு அதில் பிடி போட்டார்கள். சிங்கப்பூரிலிருந்த மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி 1843இல் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். நீரும் மின்சாரமும் புகாத பொருள் என்பதால், 1851இல் ஆங்கிலக் கால்வாயின் அடியில் போட்ட தந்திக் கம்பிக்கு அதுவே உறையானது. ஜொகூரின் ஆட்சியாளர் தெமெங்கோங் இப்ராஹிம் இந்த வணிகத்தில் பெருஞ்செல்வம் சேர்த்தார். விலை கொடுத்தது காடு: மரத்தைக் கீறிப் பால் இறக்கவில்லை, வெட்டிச் சாய்த்தே எடுத்தார்கள்.

ஆங்கிலேயர் கெத்தாவை, துளி என்னும் பொருளுடைய லத்தீனின் 'குட்டா' போல எழுதினர். ஜெர்மனியிலும் அது குட்டாபெர்ச்சாதான். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் ரப்பர் அடிவைத்த துணிக்காலணிக்கு 'கட்டீஸ்' என்று பெயர். அதன் வேரும் இதுவே.

1877இல் 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. புது மரத்தின் சாற்றையும் மலாய்க்காரர்கள் கெத்தா என்றே அழைத்தார்கள். தோட்டத்துக்கு வந்த தமிழர்கள் அந்தச் சொல்லை மரத்துக்கு வைத்துக்கொண்டார்கள். சாற்றுக்கு அவர்களிடம் கள்ளிப்பால், எருக்கம்பால் என்று ஊரிலிருந்து கொண்டுவந்த பெயர் இருந்ததே! ஆகவே கித்தா மரத்தில் பால் வெட்டினார்கள். பால் ஏந்தும் கிண்ணம் மட்டும் மலாயின் 'மங்கோக்' வழியே மங்கு ஆனது. பட்டையில் காய்ந்தது ஒட்டுப்பால். எதை வாங்குவது, எதை விடுவது என்று இவ்வளவு தெளிவாகத் தேர்ந்தவர்கள் பள்ளிப்படிப்பு அதிகமில்லாத உழைப்பாளிகள். அந்தத் தேர்வை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இன்று குளுவாங் சுற்றுவட்டாரத்தில் செம்பனையே மிகுதி. பால் வெட்டியவர்களில் இன்னும் இருப்பவர்களிடம் மங்கு, ஒட்டுப்பால், கித்தா மூன்றையும் அவர்கள் உச்சரிப்பிலேயே பதிவு செய்ய வேண்டும், இப்போதே.