குழாய் வந்த ஊர், நீர் வராத சேரி

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவு. மாற்று ஆதாரம் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் உச்ச வரம்பு. இதற்கு மேற்பட்ட நீரை நெடுங்காலம் பருகினால் பற்கள் கறைபடும். எலும்புகளும் மூட்டுகளும் முடங்கும். கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு நீங்காது. இதற்குத் தீர்வாகவே ஜப்பானியக் கடனுதவியுடன், 1,900 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட செலவில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தீட்டப்பட்டது. 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டு, கர்நாடகத்தில் எழுந்த எதிர்ப்பையும் கடந்து, 2013 மே மாதத்தில் அது தொடங்கி வைக்கப்பட்டது.

ஆயினும், ஊருக்கு வந்த நீர் சேரிக்கும் வந்துவிட்டதாகக் கொள்வது பிழை. மேல்நிலைத் தொட்டிக்கு அருகிலுள்ள வீடுகளில் நீரின் அழுத்தம் மிகுதி, கடைக்கோடியில் குறைவு. தலித் குடியிருப்புகள் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டமையால், குழாயின் கடைக்கோடியும் பல இடங்களில் சேரியாகவே அமைகிறது. இடையில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் அங்கே குழாய் வறண்டுவிடும். மக்கள் மீண்டும் ஆழ்துளைக் கிணற்று நீருக்கே திரும்புவர். கழிப்பறையும் பயன்படாமல் கிடக்கும்.

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம், ஊரக வீடுகளுக்குக் குழாய் வழியே நபருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர் என்பதை இலக்காகக் கொண்டது. இணைப்புகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் இந்த 55 லிட்டர் கடைசி வீட்டுக்குச் சேர்ந்ததா என்று அறிய இயலாது.

சட்டம் இதில் தெளிவாகவே உள்ளது. பொது நிதியால் பராமரிக்கப்படும் கிணறு, குளம் ஆகியவற்றில் சாதியின் பெயரால் தடை விதிப்பதை அரசமைப்பின் 15(2) உறுப்பு விலக்குகிறது. மாசற்ற நீர் 21ஆம் உறுப்பின் வாழ்வுரிமையில் அடங்கும் என 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுக் குழாயைப் பயன்படுத்த விடாது தடுப்பதையும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பயன்படுத்தும் நீராதாரத்தை மாசுபடுத்துவதையும் குற்றமாக்கியுள்ளது. புகாரைப் பதிவு செய்யும் கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அலுவலரும் அதன் 4ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியவர்.

சட்டம் ஏட்டில் இருப்பது மட்டும் போதாது என்பதற்கு மகாட் சான்று. சவுதார் குளத்தை அனைவருக்கும் திறக்க அந்நகராட்சி 1924இலேயே தீர்மானித்திருந்தது. ஆனால் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் சென்று நீர் அள்ளிப் பருக வேண்டியிருந்தது. அதன் பின்னரும் வழக்கு 1937 வரை நீடித்தது.

எனவே நாம் வலியுறுத்துவன மூன்று. நீர் வழங்கப்படும் நேரத்தையும் அளவையும் குடியிருப்பு வாரியாகப் பதிவு செய்ய வேண்டும். கடைக்கோடிக் குழாயின் நீரை ஆய்வு செய்து, முடிவை மார்ச் 22 கிராம சபையில் படிக்க வேண்டும். சேரிக்கெனத் தனிக் குழாய் வழியோ தொட்டியோ தேவைப்படும் இடங்களில் அதற்கு முதலில் நிதி ஒதுக்க வேண்டும். பதிவேடு இல்லையெனில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதைக் கேட்டு விண்ணப்பியுங்கள். முப்பது நாளில் வரும் பதில், இல்லை என்பதாயினும், வழக்குக்கு உதவும் ஆவணமே.