சிந்தாமணி: ஒரு புத்தகம், மூன்று பதிப்புகள்

நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து பேசுறேன். எழுதினதை எழுதினவரே திருப்பிப் படிச்சுத் திருத்துறதைப் பத்தின எபிசோடு இது. ஒற்றுப்பிழை பாடம்னு நினைச்சு ஓடிடாதீங்க. கதை 1880-ல ஆரம்பிக்குது.

அந்த வருஷம் அக்டோபர்ல, கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே.சாமிநாதையர், ஊருக்கு முன்சீஃபா வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போறார். என்னென்ன படிச்சிருக்கீங்கன்னு முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம்னு அடுக்குறார். முதலியார் அசரலை. சீவக சிந்தாமணி படிச்சதுண்டான்னு கேட்கிறார். இவர் படிச்சதில்லை. அந்தக் கேள்வி 1887-ல் அச்சுப் புத்தகமா வந்து நின்னுச்சு. நடுவில் ஏழு வருஷம்.

ஏன் அவ்வளவு நாள்? சுவடியைப் பார்த்தா புரியும். ஓலையில் பொதுவா புள்ளி வைக்க மாட்டாங்க, குத்தினா ஓலை கிழிஞ்சிடும். எகரமும் ஏகாரமும் ஒரே மாதிரி இருக்கும். ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரே வரியை நாலு விதமா படிக்கலாம், நாலுக்கும் அர்த்தம் வரலாம். இதுபோக, பிரதி எடுத்தவர் தூக்கக் கலக்கத்தில் விட்ட சொல், அடுத்த பிரதியிலும் விட்டுத்தான் போயிருக்கும். அதனால பல ஊர்ச் சுவடிகளைச் சேர்த்து, ஒருத்தர் வாய்விட்டுப் படிக்க மத்தவங்க தங்கள் கையிலிருக்கும் ஏட்டைப் பார்த்து வேறுபாடு சொல்லணும். நம்ம ஆபீஸ் பாஷையில் டிஃப். ஆனா கம்ப்யூட்டர் கிடையாது, காதும் கண்ணும்தான்.

இதுல எனக்குப் பிடிச்ச சிக்கல் ஒண்ணு இருக்கு. சிந்தாமணிக்கு உரை எழுதின நச்சினார்க்கினியர், முதல்ல எழுதின உரையைச் சமணர்கள் ஏத்துக்கலையாம். அவர் சமண நூல்களை முறையாப் படிச்சுட்டு வந்து, மறுபடி முதல்லேருந்து உரை எழுதினார்னு செவிவழிச் செய்தி உண்டு. சுவடிகளை ஒப்பிட்ட சாமிநாதையருக்கு அந்தச் செய்தி பொருத்தமாப் பட்டது. ஏன்னா உரையில் இரண்டு விதமான வடிவம் கிடைச்சது. அதாவது ஆசிரியர் திருத்தி எழுதிட்டார், ஆனா திருத்தாத பிரதியும் ஊர்ல சுத்திக்கிட்டே இருந்திருக்கு. பழைய வெர்ஷனை யாரும் டெலீட் பண்ணலை!

அடுத்தது அச்சுக்கூடம். அன்னைக்கு ஈய எழுத்துகளை ஒவ்வொண்ணா பொறுக்கிக் கோத்துத்தான் பக்கம் செய்யணும். எழுத்து கண்ணாடி பிம்பம் மாதிரி திரும்பி இருக்கும். ப்ரூஃப் எடுத்துக் கொடுத்தா சீக்கிரம் திருத்தித் தரணும். அச்சுக்கூடத்தில் எழுத்துகள் அளவாத்தான் இருக்கும், உங்க பக்கத்தில் மாட்டியிருக்கிற வரைக்கும் அடுத்த பக்கத்துக்குக் கிடைக்காது. அச்சடிச்சதும் கட்டைப் பிரிச்சு எழுத்துகளைத் திரும்ப அறைகளில் போட்டுடுவாங்க. அதுக்கப்புறம் கண்ணில் படும் பிழைக்கு ஒரே மருந்து, புத்தகத்தில் சேர்க்கும் பிழைதிருத்தப் பட்டியல். அச்சு நடந்தது சென்னையில், இவர் வேலை கும்பகோணத்தில். இரண்டையும் ஒரே ஆள் இழுத்துப் பிடிச்சிருக்கார்.

நம்ம பக்கத்துச் சிதம்பரத்தில் 1864-ல் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கின ஆறுமுக நாவலருக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி. அச்சுக்கூடமே அவருடையது. அவர் பதிப்பில் பிழை காண்பது அரிதுன்னு பேர் வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன்.

சரி, சிந்தாமணி வெளிவந்தது. பாராட்டும் வந்தது, கூடவே கண்டனமும் வந்தது. இங்கே பிழை, அங்கே பிழைன்னு துண்டுப் பிரசுரங்கள் அடிச்சு விநியோகிச்சாங்க. வாத்தியாருக்குத் தமிழ் தெரியலைன்னு ஊர் பேசினா என்ன ஆகும்? அவர் பிழைப்பே அந்தப் பேரில்தான் இருந்தது. பதில் எழுத நினைச்சவரை, இதுல இறங்கினா காலம் முழுக்க இதிலேயே போயிடும்னு நெருங்கினவங்க தடுத்தாங்க. அவரும் அடுத்த வேலைக்குப் போனார். பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894.

ஆனா சிந்தாமணியை விடலை. 1907-ல் இரண்டாம் பதிப்பு, 1922-ல் மூன்றாம் பதிப்பு, ஒவ்வொண்ணிலும் திருத்தங்கள். கண்டனக்காரங்களுக்கு அவர் கொடுத்த பதில் இதுதான்னு எனக்குத் தோணுது. இருபது வருஷம் லேட்டான பதில்.

இவ்வளவு நாள் இடைவெளி நமக்குக் கிடைக்காது. ஆனா இடைவெளிங்கிறது முக்கியம். எழுதி முடிச்ச கையோட படிச்சா, தாளில் இருப்பதைக் கண்ணு பார்க்காது, மனசில் இருப்பதைத்தான் படிக்கும். ஸ்பெல் செக்கரை நம்பலாமான்னு கேட்பீங்க. நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரே உதாரணம் போதும்: ‘கரி’ன்னு எழுத நினைச்சு ‘கறி’ன்னு அடிச்சா, சரியான தமிழ்ச் சொல்லாச்சேன்னு அது பேசாம விட்டுடும். சுரங்கத்துல கறி வெட்டுறாங்கன்னு வாசிக்கிறவர்தான் சிரிக்கணும்.

அதனால இந்தப் பக்கத்தில் நீங்க படிக்கிற எழுத்து வடிவம், எபிசோடு வந்து ரெண்டு நாள் கழிச்சுத்தான் ஏறும். முதல் நாள் நான் சத்தமாப் படிப்பேன். அடுத்த நாள் எங்க அம்மா படிப்பாங்க. அவங்களுக்கு ப்ரோகிராமிங் தெரியாது, ழகரம் நல்லாத் தெரியும்.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.