அடியார் வரலாறு

1586இல் அச்சேறிய தமிழ் உரைநடை நூல். புனிதர்களின் வாழ்க்கையையும் கிறித்து, மரியா திருநாள்களின் பொருளையும் வழிபாட்டு ஆண்டின் வரிசையில் சொல்வது. எழுதியவர் போர்த்துக்கீசிய இயேசு சபைத் துறவி ஹென்றீக் ஹென்றீக்கஸ் (1520–1600). தமிழர் அவரை அண்டிரிக் அடிகளார் என்றனர். நூல் புன்னைக்காயலில் அச்சானதாக ஆய்வாளர் கருதுகின்றனர்.

தூத்துக்குடியை ஒட்டிய கடற்கரையான முத்துக்குளித்துறையில் மீன்பிடித்தும் முத்துக்குளித்தும் வாழ்ந்த பரதவர் 1530களில் திருமுழுக்குப் பெற்றவர்கள். புதிய நம்பிக்கையை அன்றாட வாழ்வோடு சேர்த்துச் சிந்திக்க அவர்களுக்குத் தமிழில் நூல் வேண்டியிருந்தது. இலக்கணச் சுத்தம் பார்க்காமல் அவர்களுடைய பேச்சை ஒட்டியே அடிகளார் எழுதினார். நூலின் உயிர் அந்த நடைதான்.

இக்கரையில் விவிலியக் கதைகள் தொழிலுக்கு நெருக்கமானவை. மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் விலையுயர்ந்த முத்துக்காக உள்ளதையெல்லாம் விற்கும் வணிகர் வருகிறார்; அடுத்தே, எல்லா வகை மீனையும் வாரும் வலை. வணிகர் விலை பேசும் முத்துக்காக, கல் கட்டிய கயிற்றைப் பிடித்து மூச்சடக்கி இறங்கியவர் குளியாள். மேலே கயிறு பிடித்தவர் கையில் அவர் உயிர் இருந்தது. உவமை சொல்லாத அந்த உழைப்பையும் சேர்த்தே இக்கரை அதைக் கேட்க முடியும்.

கத்தோலிக்கத் திருவழிபாட்டில் இந்த நற்செய்திப் பகுதி மூன்றாண்டுக்கு ஒருமுறை, ஜூலைக் கடைசியில் ஒரு ஞாயிறன்று வாசிக்கப்படுகிறது. தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத் திருவிழாவும் அப்போதுதான் நடக்கும். ஆகஸ்ட் 5 பெருவிழா. இக்கரையில் முத்துக்குளிப்பு மட்டும் 1961க்குப் பின் நின்றுபோனது.

வத்திக்கான் நூலகத்தில் இருந்த படியைக் கொண்டு, ச. இராசமாணிக்கம் அடிகளார் 1967இல் தூத்துக்குடியிலிருந்து நூலை மறுபதிப்பித்தார்.