அலைக்கு வேலி உண்டோ?

ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலம் 1924ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதனைக் கடக்கும் மனிதரும் பொருளும் சோதனைக்கு உட்பட்டாக வேண்டும். அப்பாலத்திற்கு மேலே பறந்து செல்லும் வானொலி அலைக்கோ கடவுச்சீட்டு கிடையாது. இணையத்தில் மறைவழி அமைத்துத் தரும் விபிஎன் எனும் நுட்பத்தை அரசுகளால் தடை செய்ய இயலுமா என்ற வினா இன்று உலகெங்கும் எழுந்துள்ளது. விடை தேடுவோர் நம் மண்ணின் வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நன்று.

1942ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், பின்வாங்கிய பிரிட்டிஷ் படை அப்பாலத்தின் ஒரு பகுதியைத் தகர்த்துவிட்டுச் சிங்கப்பூருக்குள் ஒதுங்கியது. ஜொகூர் ஜப்பானியர் வசமாயிற்று. நாட்டைப் பிடித்த புதிய ஆட்சியாளர் மக்களின் செவியையும் பிடிக்க முனைந்தனர். அயல்நாட்டு ஒலிபரப்பைக் கேட்பது குற்றமாயிற்று. வானொலிப் பெட்டிகளிலிருந்து சிற்றலை உறுப்புகள் அகற்றப்பட்டன.

ஆயினும் வானொலியை அவர்கள் அறவே ஒழிக்கவில்லை. ஒழிக்கவும் இயலவில்லை. தம் வெற்றிச் செய்திகளை வீடுதோறும் கொண்டு செல்ல அவர்களுக்கும் அதே பெட்டி தேவைப்பட்டது. ஆகவே பெட்டியை விட்டு வைத்து, அதன் ஒரு கதவை மட்டும் அடைத்தனர். பெட்டியின் நுட்பம் அறிந்தவருக்கு அக்கதவை மீண்டும் திறப்பது அரிய செயலன்று. அச்சத்தால் பலர் பணிந்தனர்; பணியாத சிலர் மறைவில் கேட்டனர்.

அச்சிலருள் ஒருவர் சிபில் கார்த்திகேசு அம்மையார். பேராக் மாநிலத்தின் பாப்பான் சிற்றூரில், மருத்துவரான தம் கணவருடன் வாழ்ந்த அவர், மறைத்து வைத்த சிற்றலை வானொலியில் பிபிசி செய்திகளைக் கேட்டார். காயமுற்ற போராளிகளுக்குச் சிகிச்சையும் அளித்தார். 1943இல் கைதாகிக் கொடிய சித்திரவதைக்கு ஆளானார். 1945இல் விடுதலை பெற்றும் உடல் தேறாது, 1948ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் மறைந்தார்.

சிங்கப்பூரில் நிகழ்ந்தது இன்னும் வேதனையானது. 1943 செப்டம்பரில் துறைமுகத்தில் கப்பல்கள் தகர்க்கப்பட்டன. சாங்கிச் சிறையில் மறைந்திருக்கும் வானொலிகளே அதற்குக் காரணம் என ஜப்பானிய இராணுவக் காவற்படை ஐயுற்றது. அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய கைது நடவடிக்கையில் 57 பேர் வதைக்கப்பட்டனர். 15 பேர் மாண்டனர். அவர்களுள் எவருக்கும் அத்தாக்குதலில் பங்கில்லை. தடை அலையைப் பிடிக்கவில்லை, அப்பாவிகளைப் பிடித்தது.

இன்றைய விபிஎன், பயனரின் தகவலைக் குறியீடாக மாற்றி, வேறொரு கணினியின் வழியே அனுப்புகிறது. இடையில் நிற்பவர் வண்டியைக் காணலாம். உள்ளிருக்கும் சரக்கைக் காண முடியாது. சீனா 2017இல் அனுமதி பெறாத இச்சேவைகளை ஒடுக்கத் தொடங்கியது. ரஷ்யாவும் அவ்வாண்டே சட்டம் இயற்றியது. பயன்பாடு குறைந்திருக்கலாம், அற்றுப்போகவில்லை. வங்கிகளும் பெருநிறுவனங்களும் தம் அலுவல்களைக் காப்பது இதே நுட்பத்தால்தான். ஜொகூரின் செடெனாக்கில் தரவு மையங்களை எழுப்பும் ஒரு நாடு, இந்நுட்பத்தை வேரோடு பிடுங்க எண்ணுதல் எங்ஙனம்?

மலேசியாவின் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டம், தான் இணையத் தணிக்கைக்கு இடந்தருவதாகக் கொள்ளலாகாது என்றது. எனினும் 2015இல் சரவாக் ரிப்போர்ட் தளம் முடக்கப்பட்டு, 2018இல்தான் அத்தடை நீங்கியது. 2024 செப்டம்பரில், இணைய முகவரி தேடும் கோரிக்கைகளை உள்நாட்டுச் சேவைகளுக்கே திருப்புமாறு ஓர் ஆணை பிறந்தது. மக்களின் எதிர்ப்பால் சில நாள்களிலேயே நிறுத்தப்பட்டது. சூதாட்டத்தையும் மோசடியையும் ஒடுக்க அரசு விழைவது நியாயமே. அதற்குக் குற்றவாளியைத் தேடுதல் வழியாகுமேயன்றி, ஊரார் அனைவரின் செவியையும் பொத்துதல் வழியாகாது.

தடை விதிக்க அரசால் இயலும், அச்சமுறுத்தவும் இயலும். தனக்கும் தேவையான ஒரு கருவியைப் பிறர்க்கு மட்டும் இல்லாததாக்க இயலாது. சேவலைக் கூடையிட்டு மூடினாலும் பொழுது விடியத்தான் செய்யும். ஆனால் அவ்விடியலுக்காகப் பாப்பானில் ஒரு தாய் தந்த விலையை மறத்தலாகாது. வேலி நில்லாது என்பது உண்மை. அது சாயும் முன் எத்தனை பேரைக் கிழிக்கும் என்பதே ஆள்வோர் முன்னுள்ள வினா.